கட்டிலில் படுத்துப் பார்த்தால்தான் பிளான் தெரியும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். என் மனைவி புற்றுநோயில் போன வருடம் தவறிவிட்டார். கடைசி நாட்கள் மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அவ்வளவுதான் பார்க்க விட்டார்கள். கடற்கரையை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் பனந்தோப்பு இருக்கிறது. இனி குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டவர்கள் வலியில்லாமல், கவலையில்லாமல் இருக்க அதில் ஓர் இல்லம் கட்ட நினைக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் மகன்கள் பணம் தருகிறார்கள். எஞ்சினியர் போட்ட பிளானை இணைத்திருக்கிறேன்: இரண்டு மாடி, 24 படுக்கை, எல்லாக் கட்டிலும் கடலைப் பார்த்து, முழுக் கண்ணாடி, ஏ.சி., முன்னால் ஓலைக்கூரையில் பெரிய வரவேற்பறை. வருகிறவர்களுக்கு மனசு ஆற வேண்டும். இதில் எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம்?

பதில்:

ஐயா,

பிளானைப் பார்த்தேன். வரைந்தவர் கைதேர்ந்தவர்தான். இதே கரையில் ரிசார்ட் கட்டுவதாக இருந்தால் ஒரு கோட்டைக்கூட மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இது நடந்து வந்து, நின்று, சுற்றிப் பார்க்கிறவருக்காகப் போட்ட பிளான். உங்களிடம் வருகிறவர் ஸ்ட்ரெச்சரில் வருவார். அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம்.

எஞ்சினியரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு, இரண்டு தலையணை வைத்து ஒரு மணி நேரம் மல்லாந்து படுங்கள். புரளக் கூடாது, எழக் கூடாது. முதலில் கண்ணில் படுவது ஃபேன். அதன் இறக்கை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும். டியூப்லைட் நேர் மேலே இருந்தால் கண்ணை மூடினாலும் உறுத்தும். அடுத்தது ஜன்னல். நம் பக்கத்து ஜன்னல் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் ஆரம்பிக்கும். தலையணை வைத்துப் படுத்தவரின் கண்ணும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதனால் தெரிவது கிரில் கம்பி, சன்ஷேடின் அடிப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வானம். வாசலில் யார் வந்தார்கள், ஆடு எதைக் கடிக்கிறது, பேரன் எங்கே ஓடுகிறான், ஒன்றும் தெரியாது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. ஜன்னலின் அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பி கண் மட்டத்தில் வராமல் கிரில் அடிக்கச் சொல்லுங்கள். கூரை ஃபேனைக் கால்மாட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, தலைமாட்டுக்குப் பக்கத்துச் சுவரில் திசை திருப்பக்கூடிய சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள். மூச்சுத் திணறுகிறவருக்கு முகத்தில் படும் காற்றே பெரிய ஆறுதல். குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். விளக்கு எதுவும் நேராக முகத்தில் அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். இரவில் பார்த்துக்கொள்கிறவர் தடுக்கி விழாமலிருக்க முழங்கால் உயரத்தில் ஒரு சிறு விளக்கு போதும். அழைப்பு மணியைச் சுவரில் பதிக்காதீர்கள். வயரில் தொங்கும் சுவிட்சாகத் தலையணைக்குப் பக்கத்தில் கொடுங்கள். கை தூக்க முடியாதவருக்குச் சுவர் வெகு தூரம்.

இனி கடல். உங்களுடையது தென்கடல் கரை. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சரிந்திருக்கும்போது தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் பகல் முழுக்கக் கண்ணாடி வழியே முகத்தில் விழும். திரைச்சீலையை இழுத்து மூடுவீர்கள். அப்புறம் எதற்குக் கண்ணாடி? ஆடி மாதக் காற்றிலோ உப்பும் மணலும் அப்பிக் கண்ணாடி பால் பிடித்துப் போகும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கடலுக்குப் போன மகன் திரும்பி வராத வீடு இந்தக் கரையில் எத்தனை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட தாயைக் கடைசி நாளில் கடலைப் பார்த்துப் படுக்க வைப்பது ஆறுதலா என்று யோசியுங்கள். மற்றவர்களுக்குக்கூட நாள் முழுக்க ஆளில்லாத அடிவானத்தைப் பார்ப்பது ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். மனிதர்களுக்கு மனித நடமாட்டம் வேண்டும். யாராவது வாளி தூக்கிப் போவது, மீன் கூடையோடு ஒரு அம்மா வந்து விலை சொல்வது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவது. ஆகவே பெரும்பாலான கட்டில்கள் நடு முற்றத்தையும் வாசலையும் பார்க்கட்டும். தெற்குப் பக்கம் பத்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம் விடுங்கள். நிலை நான்கடி அகலம், நிலைப்படியே இல்லாமல் தரை ஒரே மட்டம். கடல் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவரைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போய்விடலாம், போதும் என்றால் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

ஜன்னல் காட்சி பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்டது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது என்று பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை வைத்து அவர் காட்டினார். உங்கள் எஞ்சினியரும் இதைச் சொல்லலாம். நல்ல ஆய்வுதான். ஆனால் அது குணமாகி வீட்டுக்குப் போனவர்களைப் பற்றியது, அதிலிருந்தது மரம், கடல் அல்ல. அதை இழுத்து 24 கட்டிலுக்கும் கண்ணாடி போட நியாயம் தேட வேண்டாம்.

போதாததற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, உங்கள் தோப்பைப் போல நெருக்கமான குடியிருப்பில்லாத ஊரகக் கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது அலை ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. எதிரே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் வேறு இருக்கின்றன. அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் அலைக்கோடு குறித்த வரைபடம் வாங்கிவிட்டு மற்றதைப் பேசலாம். பனையை வெட்டவும் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். கட்டடத்தை நிலத்தின் வடகோடிக்குத் தள்ளுங்கள். கடல் தள்ளிப்போனாலும் இரைச்சல் கேட்கும். பனையை ஒட்டியும் கட்ட வேண்டாம்: காய்ந்த மட்டை காற்றில் அடித்துக்கொள்வது இரவெல்லாம் தூக்கமில்லாதவருக்குப் பெரிய தொல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பத்து நிமிடம்தான். இந்த இல்லம் எதற்காக என்பதை நீங்களே அதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் பிளானில் உடன் இருப்பவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூடக் குறிக்கப்படவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி, ஆறடி நீளம் இரண்டரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். உயரம் கட்டிலின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். பகலில் உட்காரலாம், இரவில் படுக்கலாம். எழுந்து நிற்காமலே கையைப் பிடித்துக்கொள்ளலாம். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டும்போது ஊட்டுகிறவர் குனிந்து நிற்பதும், நேருக்கு நேர் உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகாது. குனிந்து நிற்கிறவருக்கு அவசரம், அந்த அவசரம் கரண்டியில் தெரியும், படுத்திருப்பவர் 'போதும்' என்று வாயை மூடிக்கொள்வார்.

குடும்பத்தார் சமைக்க ஒரு சமையற்கட்டும் வேண்டும், இல்லத்தின் பெரிய சமையலறையிலிருந்து தனியாக. ஒருவர் சாகக் கிடக்கும்போது சுற்றியிருப்பவர்களுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லாமலிருப்பது பெரிய கொடுமை. ஒரு ரசம் வைப்பது, நோன்புக் கஞ்சி காய்ச்சுவது, அதில் இரண்டு வாய் உள்ளே போனால் அன்று முழுக்க அந்த வீட்டுக்குத் தெம்பு. பிரிட்டனில் 1996-இல் எடின்பரோவில் தொடங்கிய மேகீஸ் மையங்கள் புற்றுநோயாளிகள் பகலில் வந்துபோகும் இடங்கள். அங்கே வரவேற்பு மேசை வைக்காமல் சமையலறையையும் ஒரு பெரிய மேசையையும் நடுவில் வைத்தார்கள். நம் ஊருக்கு இது புது யோசனையே இல்லை.

இன்னொரு சின்ன அறை. மருத்துவர் குடும்பத்தோடு பேச, சொத்து விஷயம் உள்பட அவர்கள் தங்களுக்குள் சத்தம் போட்டுக்கொள்ள, அழ. அதற்கு இரண்டு கதவு வேண்டும். உள்ளே அழுதுவிட்டு வருகிறவர் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே நடக்காமல் தோட்டத்துப் பக்கமாக வெளியேறிவிடலாம்.

தனி அறையா, பொது வார்டா என்பதில் கட்டடக் கலைஞர்களுக்குள் ஓயாத சண்டை. என் கட்சி இது: இருவர் இருவராகப் படுக்கும் மூன்று அறை, தனி அறை இரண்டு, மொத்தம் எட்டுக் கட்டில். ஏன் எட்டு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஆட்கள் தனியாகக் கிடந்து பழகியவர்கள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் இருமல்கூடத் துணைதான். ஆனால் மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு இருபது பேர் சூழ்ந்து நிற்பார்கள். அப்போது தனி அறை இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கதி என்ன?

அந்தத் தனி அறையைக் கொஞ்சம் தாராளமாக, 14 அடிக்கு 14 அடி கொடுங்கள். காரணம் இருக்கிறது. உங்கள் பகுதியில் மூன்று சமயத்தாரும் வருவார்கள். முஸ்லிம் வீட்டார் கடைசி நேரத்தில் முகத்தைக் கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்கும் திசைக்கு, திருப்புவார்கள். நம் ஊரிலிருந்து அது மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து. இந்து வீட்டார் வடக்கே தலை வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சிலர் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்திப் பால் ஊற்றுவார்கள். கிறிஸ்தவ வீட்டில் பாதிரியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார், சுற்றி முழங்காலிட இடம் வேண்டும். ஆக, கட்டில் எந்தத் திசைக்கும் திரும்ப வேண்டும். உங்கள் பிளானில் ஆக்சிஜன் பாயிண்டும் பிளக்கும் ஒரே சுவரில் இருக்கின்றன, கட்டில் அந்தச் சுவரோடு கட்டிப்போட்ட மாதிரி. எதிரெதிரான இரண்டு சுவரிலும் எல்லா பாயிண்டும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கட்டில் தாழ இறங்குகிற வகையாகவும் இருக்கட்டும்.

உயிர் பிரிந்த பிறகு நடப்பதை யாரும் பிளானில் வரைவதில்லை. முஸ்லிம்கள் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்ட, இந்துக்கள் நீராட்ட, ஒரு மறைவான அறை வேண்டும்: எட்டுத் திக்கிலும் நடமாட இடம், தாராளமாகத் தண்ணீர், நல்ல வடிகால், மேலே காற்றோட்டம். பக்கத்தில் ஃப்ரீசர் பெட்டிக்கு 15 ஆம்பியர் பிளக். துபாயிலிருந்து மகன் வரும்வரை காத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. உங்கள் எஞ்சினியர் அமரர் ஊர்தி வருவதற்குப் பின்பக்கம், குப்பை எடுக்கும் வழியையே காட்டியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். வந்தவர் எந்த வாசலில் வந்தாரோ அதே வாசலில், போர்டிகோவின் நிழலில், பூ போட்டு அனுப்ப வேண்டும். மற்ற நோயாளிகள் பார்ப்பார்களே என்று கேட்பீர்கள். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கிறது? பின்வாசல் வழியாக இரவோடு இரவாக அனுப்பினால்தான் நாளைக்கு நம்மையும் இப்படித்தானோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மாடி வேண்டாம். லிப்ட் நின்றுபோன நாளில் மேல்தளத்திலிருந்து கட்டிலை யார் இறக்குவது? ஓலைக்கூரையும் கட்டடத்தோடு ஒட்டி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று உங்களுக்குப் பக்கத்து ஏர்வாடியில் என்ன நடந்தது என்று நான் நினைவூட்டத் தேவையில்லை. மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். உங்கள் இல்லத்தில் யாரையும் கட்டிப்போட மாட்டீர்கள், ஆனால் எழ முடியாதவரும் கட்டப்பட்டவர் மாதிரிதான். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் இடத்தில் ஓலை கூடவே கூடாது. ஒவ்வொரு அறைக்கும் கட்டில் போகிற அகலத்தில் இரண்டு வழி: ஒன்று உள்ளே, ஒன்று நேராகத் தாழ்வாரத்துக்கு. பூட்டு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். ஓலை ஆசையைத் தோட்டத்தில் தள்ளி ஒரு பந்தல் போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தரைமட்டத்தை மூன்றடி உயர்த்துங்கள், மழைக்கும் கடலுக்கும் பயந்து. 1964 புயலில் தனுஷ்கோடி போன கரை இது. அப்போது ரேம்ப் 36 அடி நீளம் வரும். ஓர் அடி ஏற 12 அடி என்பது கணக்கு. அவ்வளவு நீளமா என்று எஞ்சினியர் முகம் சுளிப்பார். அதை ஓரமாக ஒட்டவைக்காமல், பூச்செடிகளுக்கு நடுவே நடுவில் ஒரு சமதளம் விட்டு, முகப்பு வழியாகவே ஆக்கிவிட்டால் அழகு. படிக்கட்டைத்தான் ஓரத்தில் வைக்க வேண்டும்.

சமையலறையை எங்கே வைப்பது? கீமோ முடிந்தவர்களுக்குத் தாளிக்கிற வாசனையே குமட்டும். இங்கே வருடத்தில் பாதி நாள் தென்மேற்கிலிருந்து காற்று, மீதியில் வடகிழக்கு வாடை. இரண்டு காற்றும் அடுப்புப் புகையை வார்டுக்குள் கொண்டுவராத மூலைகள் தென்கிழக்கும் வடமேற்கும். சமையலறை தென்கிழக்கில், கழிவறைகளும் அழுக்குத் துணி துவைக்கும் இடமும் வடமேற்கில். வாஸ்து பார்க்கிறவரும் அக்னி மூலை என்று இதையே சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. புண் நாற்றம் இந்த நோயில் பெரிய வேதனை, நோயாளிக்கே அதில் கூச்சம் அதிகம். எதிரெதிர் ஜன்னல் திறந்து காற்று ஓடினால் பாதி தீரும். ஏ.சி.யை நம்பி அடைத்த அறையில் அது தங்கிவிடும். ஏ.சி. இரண்டு தனி அறைக்குப் போதும், அங்கேயும் ஜன்னல் திறக்க வரட்டும்.

கட்டுமானத்தில் ஒன்றே ஒன்றை விடாப்பிடியாக நின்று பாருங்கள். கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரக்குறியீடு 456 சொல்வது குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கலவை, கம்பியை மூடி வெளியே 45 மி.மீ. கான்கிரீட், அதாவது கவர். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்க மேஸ்திரி கையில் இருக்கும் கவர் பிளாக் அதில் பாதிதான் இருக்கும். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடும் முன் நீங்களே ஸ்கேலை வைத்து அளங்கள். தலைமையாசிரியர் கையில் ஸ்கேல் இருந்தால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கலவைக்கு உப்புப் போர்த் தண்ணீர் கூடாது, கடல் மணல் கூடவே கூடாது. ஜன்னலுக்கு இரும்பு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தாழ்வாரத்துக்கு அழகு, வார்டுக்குள் வேண்டாம்: மருந்தும் சிறுநீரும் அதில் ஊறிக் கறையாகும். படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையும் ஆக்சிஜன் இயந்திரமும் கரண்ட் போனால் நின்றுவிடும்; கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிற மாவட்டத்தில் கூரையில் சோலார் போட யோசிக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக எண்ணிக்கை. 24 வேண்டாம், எட்டு போதும். கட்டடச் செலவு ஒரு தடவைதான், இரவு நர்ஸின் சம்பளம் மாதா மாதம் வரும். மிச்சப்படும் பணத்தை டெபாசிட்டில் போட்டு வட்டியில் நடத்தலாம். இந்தத் துறைக்கு வழிகாட்டியான லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் திறந்தார். இரண்டே வருடத்தில், 1969-இலேயே வீடு தேடிப்போகும் பிரிவையும் தொடங்கிவிட்டார். கேரளத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து வீட்டுக்கு வீடு போய்ப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் நடக்கிறது. நம் அரசின் மக்களைத் தேடி மருத்துவத்திலும் 2021 முதல் வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை உண்டு. அந்தப் பணியாளர்களிடமும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பேசி, முதல் ஒரு வருடம் ஒரு நர்ஸ், ஒரு வண்டி என்று வீடுகளுக்குப் போங்கள். எத்தனை பேருக்கு உண்மையிலேயே கட்டில் வேண்டும், எத்தனை பேருக்குச் சொந்த வீட்டில் மருந்தும் ஆளும் கிடைத்தால் போதும் என்பது அதில் தெரிந்துவிடும். கடும் வலிக்குத் தரும் மார்பின் மருந்தை வைத்திருக்க அங்கீகாரம் வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு அது முன்னைவிடச் சுலபம். அதற்கான பூட்டு அலமாரியை நர்ஸ் அறைச் சுவரிலேயே பதித்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் பெங்களூரில் இதே மாதிரி இல்லமான கருணாஸ்ரயாவை ஒரு நடை போய்ப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சஞ்சய் மோகே கட்டியது, 1999 முதல் இயங்குகிறது. கல் சுவர், நடுவில் குளம், எல்லாம் ஒரே தளம். உங்கள் எஞ்சினியரையும் அழைத்துப் போங்கள், நான் இவ்வளவு எழுதியதைவிட அது அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

அஸ்திவாரம் தோண்ட இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றாலும் இந்த ஐப்பசி மழைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. வார்டு வரப்போகும் இடத்துக்கு மேற்கே பூவரசும் புன்னையும் நட்டுவிடுங்கள். இரண்டும் உப்புக்காற்றைத் தாங்கும், கட்டடம் எழும்போது மரமும் ஓரளவு நிமிர்ந்திருக்கும். முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் சுற்றி முள் வேலி வேண்டும். அதற்குச் சீமைக்கருவேலம் உங்கள் தோப்பிலேயே வேண்டிய மட்டும் இருக்கும்.